‘நான் ஒரு மரம்’: எழுதினால் மட்டும் போதுமா?



‘நான் ஒரு மரம்’ என்னும் தன்கதைக் கட்டுரையை எழுதாத தமிழ்ப்பள்ளி மாணவர் இருக்க முடியாது. “நான் மக்களுக்கு நிழல் தருகிறேன், தூய காற்று தருகிறேன்” என்று பிழையின்றி எழுதிவிடுகின்றனர். கடந்த முறை இக்கட்டுரையைத் திருத்தியபோது, காட்டுக்குள் ஒரு மணி நேரமேனும் நடந்தவர்கள் யார் என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கேட்டேன். 22 பேரில் மூவர்தான் கையை உயர்த்தினர். அந்த நிழல் உடலுக்கு என்ன செய்கிறது என்பதை அறியாமலேயே மற்றவர்கள் அதைப் புகழ்ந்து எழுதியிருக்கின்றனர்.

இதற்கு வெயிலைக் காரணம் காட்டுவோர் உண்டு. 2023ஆம் ஆண்டில் கிளந்தானில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் வெப்பத் தாக்கத்தால் உயிரிழந்த துயரத்தை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு மே மாதம் பள்ளிகளின் வெளிப்புற நடவடிக்கைகளைக் கல்வி அமைச்சு நிறுத்தி வைத்தது. அது தேவையான முடிவே. ஆயினும், ‘வெயில் என்றால் வகுப்பறை’ என்பதே நம் நிலையான வழக்கமாகிவிடக் கூடாது என்பது என் கருத்து.

வானிலைத் துறை அறிவிக்கும் வெப்பநிலை, வெயில் நேரடியாகப் படாத பெட்டிக்குள் அளக்கப்படுகிறது. அதாவது, 35 பாகை என்றால் அது நிழலில் உள்ள காற்றின் வெப்பம். நிழலற்ற திடலில் நிற்கும் பிள்ளையை அந்தக் காற்று மட்டும் சுடுவதில்லை. தலைக்கு மேலிருந்து கதிரவனும், காலுக்குக் கீழிருந்து சிமெந்துத் தரையும் சேர்ந்து சுடுகின்றன. காடு இவ்விரண்டையும் தடுக்கிறது. அடர்ந்த இலைக்கூரை வெயிலை மறிக்கிறது. இலைகள் வெளிவிடும் நீராவி சுற்றுப்புற வெப்பத்தைக் குறைக்கிறது. சருகு மூடிய மண் தாரைப்போல் கொதிப்பதில்லை.

இதை விளக்கப் பாடநூல் வேண்டியதில்லை. கெப்போங் மலேசிய வன ஆய்வுக் கழகத்திற்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தோம். முதலில் கார் நிறுத்துமிடத்தின் தார்த்தரையைத் தொடச் சொன்னேன். உடனே கையை இழுத்துக்கொண்டனர். பத்து நிமிடம் நடந்து கப்பூர் மரங்களின் அடியில் மண்ணைத் தொடச் சொன்னேன். கையை எடுக்கவே இல்லை. போர்னியோ கற்பூரம் தரும் மரம் இது. அண்ணாந்து பார்த்தால், ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும் கிளைகளுக்கு இடையே வானம் ஆற்றைப்போல் தெரியும். பேருந்தில் சண்டையிட்டுக்கொண்டு வந்த இருவர் அங்கே பேச்சற்று நின்றதைக் கண்டேன்.

அந்த அமைதிக்கும் சான்றுகள் உள்ளன. ஜப்பானியர் 1982ஆம் ஆண்டிலேயே ‘வனக் குளியல்’ என்று இதற்குப் பெயரிட்டனர். அந்நாட்டின் 24 காடுகளில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், நகரத்தில் இருந்தபோது காணப்பட்டதைவிடக் காட்டில் இருந்தபோது நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் மன உளைச்சலைக் காட்டும் கார்ட்டிசோல் அளவும் குறைந்திருந்தன. அதில் பங்கேற்றவர்கள் இளைஞர்கள். அளவிடப்பட்டதும் குறுகிய நேர மாற்றம்தான். எனவே, காட்டை மருந்து என்று சொல்ல மாட்டேன். தேர்வு, துணைவகுப்பு, கைப்பேசி எனச் சுழலும் பிள்ளைக்கு அது நல்ல ஓய்வு என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

கண்ணுக்கும் இதனால் நன்மை உண்டு. சீனாவின் குவாங்சௌ நகரப் பள்ளிகளில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே இருக்கச் செய்தனர். மூன்றாண்டுக்குப் பின், அப்பிள்ளைகளில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றப் பள்ளிகளிலோ 39.5 விழுக்காட்டினருக்கு வந்திருந்தது. வெளியே கிடைக்கும் வெளிச்சமே இதற்கு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. மரநிழலிலும் வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு.

பெற்றோரின் அச்சம் எனக்குப் புரிகிறது. அட்டை கடிக்கும் என்று ஒரு தாயார் தம் மகளை அனுப்பவில்லை. நம் பாட்டன் பாட்டியர் விடியற்காலை இருளில் பால்மரம் சீவியவர்கள். காடு என்றால் அட்டை, பாம்பு, காய்ச்சல் என்றே அவர்கள் அறிந்திருந்தனர். அந்த நினைவு நமக்குள்ளும் இருக்கிறது. எச்சரிக்கையும் தேவைதான். நம் காட்டில் காற்றோட்டம் குறைவு, ஈரப்பதம் மிகுதி. வியர்வை எளிதில் உலராது. எனவே காலையிலேயே புறப்பட வேண்டும். மெதுவாக நடக்க வேண்டும். தாகம் எடுக்கும் முன்பே நீர் அருந்த வேண்டும். நீண்ட காலுறையும் கொசு மருந்தும் வேண்டும். எலிச்சிறுநீர்க் காய்ச்சல் அபாயம் இருப்பதால் காயத்தோடு ஓடையில் இறங்கக் கூடாது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பயணத்தை ஒத்திவைக்க வேண்டும்.

என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, ஆண்டுக்கு இருமுறையாவது பிள்ளைகளை ஒரு காட்டில் நடக்கவிடுங்கள். பேரங்காடிக்கு அழைத்துச் செல்லும் நாள்களில் இரண்டைக் குறைத்தாலே போதும்.

இரண்டாவது, பள்ளியில் இருக்கும் மரங்களைக் காப்பாற்றுங்கள். நான் அறிந்த ஒரு பள்ளியில், சருகு விழுகிறது என்பதற்காகத் திடலோர மரங்களை வெட்டிவிட்டுக் கார் நிறுத்துமிடம் அமைத்தனர். ஆசிரியர்களின் கார்களுக்கு இன்று கூரை இருக்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேச யாரும் தயங்க வேண்டாம்.

‘இனி வளர்ந்து எப்போது நிழல் தரும்?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இன்று நாம் வியந்து பார்க்கும் அந்தக் கெப்போங் காடு, ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலத்திலும் காய்கறித் தோட்டங்களிலும் 1920களிலிருந்து மனிதர் நட்டு வளர்த்தது. 2025இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. நட்டவர்கள் அதன் முழு நிழலில் நடந்திருக்க மாட்டார்கள். நம் பிள்ளைகள் நடக்கிறார்கள்.

பயணம் முடிந்த வாரம் மீண்டும் ‘நான் ஒரு மரம்’ எழுதச் சொன்னேன். “என் அடியில் நின்றவன் சண்டையை மறந்துவிட்டான்” என்று ஒருவன் எழுதியிருந்தான். இந்த வரியை நான் கற்றுக்கொடுக்கவில்லை.