வங்கி பார்த்தாயிற்றே!

வீட்டுக்கடன் கேட்டு மனு வந்ததும், அடமானமாக வரப்போகும் சொத்தின் பத்திரங்களை வங்கி தன் பேனலில் உள்ள வழக்கறிஞர் ஒருவருக்கு அனுப்பி ‘லீகல் ஒப்பீனியன்’ வாங்குகிறது. தமிழ்நாட்டில் வீடு வாங்கும் பலருக்கு வக்கீல் என்றால் அந்த ஒருவர்தான். அவர் முகத்தையும் பார்த்திருக்க மாட்டார்கள். ‘பேங்க்காரனே லோன் கொடுத்துட்டான், இதுக்கு மேல என்ன வில்லங்கம் வந்துடப் போகுது’ என்று தரகர் சொல்கிறார், விற்பவர் சொல்கிறார், கிரகப்பிரவேசப் பந்தியில் மாமனாரும் சொல்கிறார். மூவரும் சொல்வது தவறு. அந்தப் பேனல் வழக்கறிஞர் யாருடைய வக்கீல் என்ற முதல் கேள்வியிலேயே இந்த நம்பிக்கை உடைந்துபோகிறது.

ஒப்பீனியன் கடிதம் கிளை மேலாளருக்கு எழுதப்படுகிறது. அதற்கான கட்டணம் கடன் வாங்குபவரின் கணக்கிலிருந்து போனாலும் கட்சிக்காரர் வங்கிதான். கடிதம் பதில் சொல்லும் கேள்வியும் வங்கியின் கேள்வியே: இந்தச் சொத்தின் மீது செல்லத்தக்க அடமானம் கிடைக்குமா, தவணை நின்றால் விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா? பக்கத்து மனைக்காரர் இரண்டடி தள்ளிச் சுவர் எழுப்பியிருக்கிறாரா, அடுக்ககத்தில் பிரிபடாத பங்காக எத்தனை சதுர அடி பத்திரத்தில் ஏறுகிறது, வண்டி நிறுத்தும் இடத்துக்கு எழுத்தில் உரிமை உண்டா என்பவை வாங்குபவரின் தலைவலி.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் ரூபாய்க்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக்கடன், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 60 லட்சத்துக்குப் பதிவாகும் ஒரு பழைய தனி வீட்டை எடுத்துக்கொள்ளலாம். வங்கி அதிகபட்சம் 48 லட்சம் கொடுக்கும். மீதி 12 லட்சமும், 7 சதவீத முத்திரைத்தீர்வை, 2 சதவீதப் பதிவுக்கட்டணம் ஆகியவற்றுக்கான 5,40,000 ரூபாயும் வாங்குபவரின் கைப்பணம். உரிமையில் ஓட்டை தெரிந்தால் முதலில் கரைவது இந்த 17,40,000 ரூபாய். அதோடும் முடிவதில்லை. கடன் ஒப்பந்தம் வாங்கியவரையே நேரடியாகக் கட்டுகிறது. வீடு வேறொருவருடையது என்று தீர்ப்பானாலும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். அடமானச் சொத்து கைவிட்டுப் போனாலும் வங்கிக்குக் கடன் வாங்கியவரின் சம்பளமும் ஜாமீன்தாரரும் மிச்சம். சொத்தை இழந்தவருக்கோ மிஞ்சுவது விற்றவர் மீது ஒரு வழக்கு, அதுவும் விற்றவர் அகப்பட்டால்.

ஒப்பீனியன் தவறினால் எழுதியவர் பதில் சொல்லுவார் என்ற எண்ணத்துக்கும் ஆதாரம் குறைவு. ஐதராபாத்தில் வீட்டுக்கடன் மோசடி ஒன்றில், தவறான ஒப்பீனியன் கொடுத்ததாகப் பேனல் வழக்கறிஞர் ஒருவர் மீது சிபிஐ குற்றம் சாட்டியது. சதியில் பங்கு இருந்ததற்கு ஆதாரமில்லாமல் வெறும் கவனக்குறைவுக்காக அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கிலாவது ஏமாந்த வங்கி அவருடைய கட்சிக்காரர். கட்சிக்காரரே அல்லாத வாங்குபவர் எந்த உரிமையில் போய்க் கேட்பது? சொந்தமாக வைத்துக்கொள்ளும் வக்கீலும் கேள்விக்கு அப்பாற்பட்டவர் அல்லர் என்றாலும், அவர் மீது நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகும் வழியை உச்ச நீதிமன்றத்தின் 2024 மே மாதத் தீர்ப்பு அடைத்துவிட்டது. உரிமையியல் வழக்கும் பார் கவுன்சில் புகாரும்தான் மிச்சம். இரண்டுக்கும் கையில் எழுத்து இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமானது நேரம். வங்கியின் வக்கீல் பத்திரத்தைத் தொடும் நாளில் அட்வான்ஸ் ஏற்கெனவே கைமாறியிருக்கும். கிரைய ஒப்பந்தத்தைக் காட்டித்தான் கடனுக்கே மனுச் செய்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தை எழுதியவர் பெரும்பாலும் தரகர் அழைத்துவந்த பத்திர எழுத்தர், அல்லது கட்டுமான நிறுவனத்தின் அச்சடித்த படிவம். கெடுவுக்குள் மீதித்தொகை வராவிட்டால் அட்வான்ஸ் பறிபோகும் என்ற வரி அதில் தவறாமல் இருக்கும். உரிமையில் குறை தெரிந்தாலோ, அக்குறையால் வங்கி மறுத்தாலோ அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்ற வரி இராது. 2012-இன் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். இருந்தும் முத்திரைத்தாளில் கையெழுத்தை வாங்கிப் பீரோவில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. வங்கி ‘முடியாது’ என்று சரியாகவே சொல்லும் போதும், அதற்கான விலையை வாங்குபவர் முன்கூட்டியே கட்டிவிட்டிருப்பார். ஆகவே வக்கீலைத் தேட வேண்டிய நாள் அட்வான்ஸுக்கு முந்தைய நாள். பேச்சுக்கு ஒரு டோக்கன் தொகை கொடுத்தே தீர வேண்டுமென்றால் சிறிதாகக் கொடுத்து, திரும்பத்தக்கது என்று ரசீதில் எழுதி வாங்கலாம்.

வங்கி நம்பிக்கைக்கு இரண்டு தம்பிகள் உண்டு. பதிவாகிவிட்டால் சொத்து நம்முடையது என்பது ஒன்று. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அன்று என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறி, முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்க இடம்கொடுத்த தமிழ்நாட்டின் 55-ஏ(i) விதியை ரத்து செய்தது. வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் போதும் என்பது மற்றொன்று. அந்தச் சான்று அலுவலகத்தின் முதல் புத்தகத்தில் ஏறிய ஆவணங்களை மட்டுமே காட்டும். உயிலைப் பதிவு செய்யக் கட்டாயமில்லை. பதிவு செய்தாலும் மூன்றாம் புத்தகத்துக்குப் போகும். நிலுவையில் உள்ள பாகப்பிரிவினை வழக்கு அதில் வராது. ஆனால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 52, வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் தீர்ப்புக்குள் இழுத்துவிடும்.

வாரிசு விவகாரம்தான் இதில் ஆழமான கிணறு. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகன், மகள், மனைவி, தாய் நால்வருக்கும் சம பங்கு என்பது 1956 முதல் சட்டம். கட்டிக்கொடுத்த மகளையும் கிராமத்தில் இருக்கும் தாயையும் விட்டுவிட்டு மகன்கள் மட்டும் கையெழுத்துப் போட்ட பத்திரங்கள் புழக்கத்தில் உள்ளன. மைனர் பங்கை நீதிமன்ற அனுமதியின்றி விற்றிருந்தால், அந்தக் குழந்தை மேஜராகி 3 ஆண்டுகளுக்குள் விற்பனையை எதிர்க்கலாம். முப்பதாண்டுப் பத்திரங்களில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது எளிது. யார் பெயர் இல்லை என்று கண்டுபிடிக்கப் பொறுமையும் வட்டாரப் பழக்கமும் வேண்டும்.

வங்கியின் சோதனை வீண் என்று இதற்குப் பொருளில்லை. அது ஒரு நல்ல சல்லடை. பெரிய கற்களை நிறுத்திவிடும். வங்கி மறுத்தால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது புத்திசாலித்தனம். ஒப்புக்கொண்டதை மட்டும் வைத்து நிம்மதி அடைவதுதான் பிழை.

தனி வக்கீலுக்குச் செலவு யோசிக்கிறவர்கள் மேலே சொன்ன 5,40,000 ரூபாயோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். யாரைத் தேர்ந்தெடுப்பது? தரகரும் கட்டுமான நிறுவனமும் கைகாட்டுபவரை விலக்க வேண்டும். அவருக்கு அடுத்த வேலை அவர்களிடமிருந்துதான் வரும். குடும்ப நண்பரான கிரிமினல் வக்கீலும் உதவமாட்டார். சொத்து இருக்கும் வட்டாரத்தின் உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு நடத்துபவரே பொருத்தமானவர். பத்திரங்கள் எப்படித் தோற்கின்றன என்பதைக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர்.

அவரிடம் விற்பவர் கொடுத்த ஜெராக்ஸ் கட்டை மட்டும் நீட்டினால் ஜெராக்ஸுக்கான ஒப்பீனியன்தான் வரும். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுத்து, விற்பவரிடம் உள்ள அசலோடு ஒப்பிட வேண்டும். ‘சுத்தமா இருக்கு சார்’ என்று போனில் சொல்வது ஒப்பீனியன் ஆகாது. வாங்குபவரின் பெயருக்கே எழுதிய கடிதம் வேண்டும். அதில் ‘இன்ன ஆவணம் வந்தால்’ என்று வரும் நிபந்தனைகளைப் பட்டியலாக்கி ஒவ்வொன்றும் வந்தபின் அடிக்க வேண்டும். வக்கீல் காகிதத்தைத்தான் பார்க்கிறார். சர்வேயரோடு மனையை அளப்பதும், வீட்டில் குடியிருப்பவர் எந்த உரிமையில் இருக்கிறார் என்று கேட்பதும் வாங்குபவரின் வேலை. குடியிருப்பவரின் உரிமை வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் கொள்ளும். கேட்கவில்லை என்று பின்னால் சொல்லித் தப்ப முடியாது.

கிரையத்தன்று காலையில் வில்லங்கத்தை இன்னொரு முறை போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். அட்வான்ஸுக்கும் பதிவுக்கும் நடுவில் வேறொருவருக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் அப்போதுதான் கண்ணில் படும். பதிவு முடிந்து அசல்கள் வங்கிக்குப் போகும்போது, போகும் ஒவ்வொரு பத்திரத்தின் எண்ணும் தேதியும் எழுதிய பட்டியலில் கிளையின் முத்திரையோடு ஒப்புகை வாங்கி, முழுத் தொகுப்பின் நகலோடு வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டா மாற்றத்துக்கு அந்த நகல்தான் போகும்.