வினாத்தாளைப் பேசுங்கள்

“இலவசம்தான் டீச்சர், ஒரு காசு வேண்டாம்” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சும்மா வரும் எதையும் நம்மவர்கள் இரண்டு முறை திருப்பிப் பார்ப்பார்கள். திறந்த மூல மென்பொருளைத் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கொண்டுபோகும் தன்னார்வலர்களுடன் சில சனிக்கிழமைகளில் நானும் போய்வருகிறேன். புதிதாகச் சேரும் இளைஞர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: விலையைப் பேசாதீர்கள், வினாத்தாளைப் பேசுங்கள்.

கணினி அறையின் சிக்கல் எல்லாருக்கும் தெரிந்ததே. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றில் ஏறாது; டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று கேட்கும். நன்றாக ஓடும் கணினிகளை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக வாங்க எத்தனை பெற்றோர் ஆசிரியர் சங்கங்களால் முடியும்? லினக்ஸ் மின்ட் போட்டால் அதே கணினி, 4 ஜிபி நினைவகத்தோடு, இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். டெலிமா எப்படியும் உலாவியில்தான் திறக்கிறது. அதற்கு ஃபயர்ஃபாக்ஸ் போதும்.

இதையெல்லாம் ஆசிரியர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். பிறகு வருவது வேறு கேள்வி. “சார், என் பழைய தாளெல்லாம் திறக்குமா?”

பத்துப் பதினைந்து ஆண்டு வினாத்தாள்களும் பயிற்றிகளும் அந்தப் பென்டிரைவில் இருக்கின்றன. பல, யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேர்டில் திறந்தாலும் இதே கதைதான். ஆனால் பழி லிப்ரே ஆபிஸ் தலையில் விழும். ஆறாம் ஆண்டு ஆசிரியை ஒருவருக்காக எங்கள் குழுவில் ஒரு தம்பி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அவருடைய கோப்புகளை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார். விளக்கப் படங்களோடு அவர் தயாரித்துவந்த உரை அன்று வெளியே வரவே இல்லை. கிளம்பும்போது ஆசிரியையே கேட்டார்: “தம்பி, இதை என் லேப்டாப்பிலும் போட்டுத் தர முடியுமா?”

போடலாம். லிப்ரே ஆபிஸ் விண்டோஸிலும் ஓடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதல் நாளே இயங்குதளத்தை மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. லிப்ரே ஆபிஸையும் சிறுவர்கள் படம் வரையும் டக்ஸ் பெயிண்டையும் முதலில் பழகட்டும். அட்டவணைகள் சில நேரம் இடம் மாறும், அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அச்சுக்குப் போவதை பிடிஎஃப் ஆக்கிவிட்டால் தொல்லை இல்லை. லினக்ஸுக்கு மாறும்போது தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைமுறைகளும் அங்கே கிடைக்கும்.

கேரளத்தை உதாரணம் காட்டாத தன்னார்வலர் இல்லை. அங்கே 2001இல் தொடங்கி, பின்னாளில் ‘கைட்’ நிறுவனமான ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. மிச்சமான பணத்தைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது, ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கி மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர அனுப்பியதுதான். அதன் பின்னால் ஓர் அரசு நின்றது. நம் சனிக்கிழமைக் குழுவின் பின்னால் நிற்பது யாரோ கொண்டுவரும் நாசி லெமாக் பொட்டலங்கள்.

அதனால் ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் எல்லாம் படுத்துவிடுகிறது. கணினியில் அக்கறையுள்ள ஒரே ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார், கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. இப்போது நாங்கள் ஒரு பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களாவது வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறோம்.

அடுத்த மாதத்துக்கு மூன்று பள்ளிகள் கேட்டிருக்கின்றன. நாங்கள் நான்கு பேர். நிறுவிக் கொடுக்க ஆள் இருக்கிறது. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு, “அச்சு வரவில்லையே தம்பி” என்று ஆசிரியர் அழைத்தால் எடுத்துப் பேச ஆள் வேண்டும்.