இணைப்பே தண்டனையானபோது

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான எக்கோவாஸ் 1975 மே 28 அன்று நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தது. 2025இல் அதற்குப் பொன்விழா. விழாவுக்கு நான்கு மாதம் முன்பே, ஜனவரி 29 அன்று, மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்று நாடுகள் முறைப்படி விலகிவிட்டன. (நைஜர் வேறு, நைஜீரியா வேறு. இரண்டும் அண்டை நாடுகள்; இந்த விவகாரத்தில் எதிரெதிர்ப் பக்கம்.)

மூன்றிலும் ராணுவ ஆட்சி. தேர்தல் நடத்தச் சொன்னார்கள், தளபதிகளுக்குப் பிடிக்கவில்லை, வெளியேறிவிட்டார்கள் என்று பலரும் விளக்குகிறார்கள். அது பொய்யல்ல, ஆனால் போதாது. விலகலுக்கு முந்தைய நாள் நைஜரின் தலைநகர் நியாமியிலும் புர்கினா ஃபாசோவின் தலைநகர் வகடூகுவிலும் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கொண்டாடினார்கள். கூட்டத்தை அரசே திரட்டியது என்று வைத்துக்கொண்டாலும் எக்கோவாஸ் மீதான கோபம் முழுவதும் செயற்கையானது அல்ல.

எக்கோவாஸ் வெறும் மாநாட்டு அமைப்பாக இருந்ததில்லை. உறுப்பு நாட்டவர் விசா இல்லாமல் தொண்ணூறு நாள் தங்கலாம் என்ற ஒப்பந்தத்தை 1979லேயே செய்துகொண்டது. ஐரோப்பாவில் ஷெங்கன் ஒப்பந்தம் கையெழுத்தானது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான். 1990இல் லைபீரிய உள்நாட்டுப் போரில் தலையிடத் தன் படையை அனுப்பியது. 2017இல் காம்பியாவின் யாஹ்யா ஜாமே தேர்தலில் தோற்றும் நாற்காலியை விடாதபோது, எல்லையில் படையை நிறுத்தி அவரை வெளியேற்றியது. பல வட்டார அமைப்புகள் அறிக்கையோடு நின்றுவிடும். இது செயலில் இறங்கியது. சிக்கலும் அந்த வலிமையிலிருந்தே முளைத்தது.

2023 ஜூலை 26 அன்று நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நான்கே நாளில் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடிய எக்கோவாஸ் தலைவர்கள் எல்லைகளை மூடினார்கள், பண நடமாட்டத்தை முடக்கினார்கள், ஒரு வாரக் கெடு விதித்துப் படையெடுப்போம் என்றும் எச்சரித்தார்கள். நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. நைஜருக்குத் தேவையான மின்சாரத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கடற்கரையே இல்லாத அந்த நாட்டுக்குப் போகவேண்டிய லாரிகள் பெனின் எல்லையில் மலான்வில் நகரில் வரிசை கட்டி நின்றன. மொத்தத்தில், தளபதிகளைப் பணியவைக்க எடுத்த நடவடிக்கையில் சாமானியரின் விளக்கு அணைந்தது, அரிசி விலை ஏறியது. தளபதிகள் பணியவில்லை. ஏழு மாதம் கழித்து, 2024 பிப்ரவரியில், பெரும்பாலான தடைகள் விலக்கப்பட்டன. அதற்குள் மூன்று நாடுகளும் விலகல் அறிவிப்பைக் கொடுத்துவிட்டன.

மாலிமீது 2022லேயே இப்படிப்பட்ட தடைகள் விழுந்திருந்தன. மாலியும் நைஜரும் சிஎஃப்ஏ பிராங்க் என்ற பொது நாணயத்தைப் பயன்படுத்தும் எட்டு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் அடக்கம். நாணயத்தை வெளியிடும் வங்கி பொதுவானது. அதில் கணக்கை முடக்கினால் அரசு சம்பளம் கொடுக்கவே திணறும், கடனும் கட்ட முடியாது. மாலி கடன் தவணைகளைத் தவறவிட்டது இப்படித்தான். இதோடு மற்றோர் உறுப்பு நாடான கினியை ஒப்பிட்டுப் பாருங்கள். 2021 செப்டம்பரில் அங்கும் ராணுவப் புரட்சி. ஆனால் கினிக்குச் சொந்த நாணயம் உண்டு, சொந்தத் துறைமுகம் உண்டு. மாலிக்கு விதித்தது போன்ற முற்றுகை அதன்மீது விழவில்லை. மாலிக்குத் தடை விதித்தபோது கினி தன் எல்லையை மூட மறுத்தும்விட்டது. கூட்டமைப்போடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறோமோ அவ்வளவு எளிதாக நம் கழுத்தை நெரிக்கலாம் என்ற பாடத்தைச் சின்ன நாடுகள் கற்றுக்கொண்டன. ஒரு பொருளாதாரக் கூட்டமைப்புக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை.

தண்டனை எல்லாருக்கும் சமமாக இருந்திருந்தால்கூட வலி குறைந்திருக்கும். 2001ஆம் ஆண்டின் ஜனநாயக நெறிமுறை, அரசியல் சட்டத்துக்குப் புறம்பான ஆட்சி மாற்றத்தை ஏற்பதில்லை என்கிறது. துப்பாக்கி பிடித்து வருபவருக்கு அது பொருந்துகிறது. பேனாவால் அரசியல் சட்டத்தைத் திருத்திப் பதவியில் ஒட்டிக்கொள்பவருக்குப் பொருந்துவதில்லை. கினியில் ஆல்ஃபா கொண்டே 2020இல் புதிய அரசியல் சட்டம் கொண்டுவந்து மூன்றாம் முறை அதிபரானபோது எக்கோவாஸ் அவரைத் தண்டிக்கவில்லை. அவரை அடுத்த ஆண்டு ராணுவம் கவிழ்த்ததும் நாட்டை இடைநீக்கம் செய்தது. ஐவரி கோஸ்டின் அதிபர் வட்டாரா 2025இல் நான்காம் முறை வென்றிருக்கிறார். டோகோவில் 1967 முதல் ஒரே குடும்பம். யாரும் இரண்டு முறைக்கு மேல் அதிபராக இருக்கக் கூடாது என்ற யோசனை 2015 உச்சிமாநாட்டில் வந்தது; டோகோவும் காம்பியாவும் எதிர்க்க, கைவிடப்பட்டது. அன்று எதிர்த்த காம்பியாவின் அதிபர் அதே ஜாமேதான்.

பொருளாதாரப் பக்கம் நிலைமை இன்னும் சிக்கலானது. கூட்டமைப்பின் மக்களில் பாதிக்கும் மேல் நைஜீரியர்கள். அந்தப் பெரியண்ணனே 2019 ஆகஸ்டில் தன் நில எல்லைகளைச் சரக்குக்கு மூடி, 2020 டிசம்பரில்தான் திறக்கத் தொடங்கியது. காரணம் அரிசி: தாய்லாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பெனினின் கொட்டோனு துறைமுகத்தில் இறங்கும் புழுங்கல் அரிசி, கள்ளத்தனமாக நைஜீரியாவுக்குள் போய்க்கொண்டிருந்தது. தடையற்ற வணிகம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் செய்த காரியம் இது. தவிர, இந்த நாடுகள் ஒன்றுக்கொன்று விற்கப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. கோகோ ஐரோப்பாவுக்குப் போகிறது. கினி-பிசாவின் முந்திரி உடைக்கப்படாமலே இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் போகிறது.

எக்கோ என்ற பொது நாணயம் பலமுறை தள்ளிப்போய், இப்போது 2027 என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. யூரோவோடு நிலையான மதிப்பில் கட்டப்பட்ட சிஎஃப்ஏ பிராங்க் ஒரு பக்கம். 2023இல் சந்தையிடம் விடப்பட்டுச் சரிந்த நைஜீரிய நைரா மறுபக்கம். நைஜீரியாவின் விலைவாசி உயர்வு 2024இல் 30 விழுக்காட்டைத் தாண்டியது. அந்தப் பணவீக்கத்தைப் பங்குபோட மற்றவர்கள் அஞ்சுகிறார்கள். பிரான்சின் நிழல் படிந்த நாணயத்தை நைஜீரியா விரும்பவில்லை.

அப்படியானால் விலகியவர்கள் தப்பித்தார்களா? இல்லை. எக்கோவாஸை விட்டவர்கள் சிஎஃப்ஏ பிராங்கை விடவில்லை. 2025 செப்டம்பர் முதல் ஜிகாதிக் குழுவொன்று செனகலிலிருந்தும் ஐவரி கோஸ்டிலிருந்தும் மாலிக்கு வரும் எரிபொருள் லாரிகளைக் கொளுத்தியபோது, தலைநகர் பமாகோவில் பெட்ரோல் தீர்ந்து, நாடெங்கும் பள்ளிகளை இரண்டு வாரம் மூடவேண்டி வந்தது. அமைப்பிலிருந்து வெளியேறலாம், துறைமுகச் சாலையிலிருந்து முடியாது. அதே சமயம் எக்கோவாஸுக்கும் இவர்கள் வேண்டும்: பயங்கரவாதம் பெனின், டோகோவின் வடபகுதிகளுக்கு இறங்கிவிட்டது. கரையோர நகரங்களின் இறைச்சிக்கு ஆடு மாடுகள் வருவதும் மாலி, புர்கினா ஃபாசோ பக்கமிருந்துதான்.

விலகிய நாட்டவர் பழைய கடவுச்சீட்டோடு விசா இல்லாமல் வந்துபோக எக்கோவாஸ் இடைக்கால அனுமதி கொடுத்திருக்கிறது. 2025 மே மாதம் பமாகோவில் பேச்சும் தொடங்கியது. மூவரையும் திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சுவதோ மிரட்டுவதோ இப்போது வேலைக்கு ஆகாது. மின்சாரம், உணவு, மருந்து, பொது வங்கிக் கணக்கு ஆகியவற்றை எந்தத் தடையிலும் தொடமாட்டோம் என்று எக்கோவாஸ் விதியில் எழுதட்டும். 2015இல் கைவிட்ட அந்த இரண்டு முறை வரம்பையும் மறுபடி மேசைக்குக் கொண்டுவரட்டும். இம்முறை மறுப்பவர் யார் என்பது வாக்கெடுப்பில் பதிவாகட்டும்.