திராட்சைத் தோலும் தீராத ஆசையும்

வியாதி என்று ஒன்றும் இல்லாத, அறுபத்தைந்து வயதிலும் விடியற்காலையில் எழுந்து நாலு மைல் நடந்துவிட்டு வருகிற என் நண்பர் ஒருவர், திராட்சைத் தோலின் சாரம் என்று விற்கப்படும் ரெஸ்வெரட்ரால் மாத்திரையை மாதந்தோறும் பெரும்பணம் கொடுத்து வாங்கி விழுங்கி, அதனால்தான் மூப்பு தம்மை விட்டு எட்ட நிற்கிறது என்று பரிபூரணமாக நம்புகிறார். அவர் ஆசையில் குற்றம் இல்லை. மூப்புக்கு அஞ்சாதவர் யார்? அந்த அச்சத்தைப் பற்றிக்கொண்டு, வெறும் அனுமானத்தைப் பிரத்தியட்சம் என்று சொல்லி விற்கிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறேன்.

1956-இல் அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன், பிராணவாயுவின் சம்பந்தத்தால் உடலுக்குள்ளேயே உண்டாகும் ஃபிரீ ராடிகல் என்னும் நிலையற்ற மூலக்கூறுகள் உயிரணுக்களைச் சிறிது சிறிதாகச் சேதப்படுத்துவதே மூப்புக்குக் காரணம் என்றொரு சித்தாந்தத்தை வெளியிட்டார். இரும்பைத் துரு அரிப்பதுபோல இவை மனிதனையும் அரிக்கின்றன; அதைத் தடுக்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட் காய்கனிகளில் இருக்கிறது; பிழிந்தெடுத்து விழுங்கினால் போதும் என்று ஜனங்கள் அதற்கு அர்த்தம் செய்துகொண்டார்கள். இரும்பு தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்வதில்லை, உடம்போ ஒவ்வொரு கணமும் அதையே செய்துகொண்டிருக்கிறது என்ற பெரிய வித்தியாசம் அந்த உவமையின் அழகில் மறைந்துபோயிற்று.

இத்தகைய ஆன்டி ஆக்ஸிடன்டுகளில் ஒன்றான ரெஸ்வெரட்ராலின் கீர்த்தி எலிகளிடமிருந்து வந்தது. கொழுப்பு மிகுந்த தீனியால் பருத்த எலிகள் அதனால் கூடுதலாக உயிர் வாழ்ந்தன என்று 2006-இல் செய்தி வந்தது. 2008-இல் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் கம்பெனி இவ்வழியில் மருந்து தேடிய சிறு நிறுவனமொன்றை 72 கோடி டாலருக்கு வாங்கி, 2013-இல் அதை மூடிவிட்டது. சாதாரணத் தீனி தின்ற எலிகளுக்கு ஆயுள் நீளவில்லை என்று இதற்கிடையில் தெரிந்தது. இத்தாலியில், திராட்சை ரசத்துக்குப் பேர்போன கியாந்தி பிரதேசத்தில், அறுபத்தைந்து வயதைக் கடந்த 783 பேரை ஒன்பது வருஷம் கவனித்து 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, உணவு வழியாக உடலில் சேர்ந்த ரெஸ்வெரட்ரால் அதிகமாக இருந்தவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் மரணத்திலோ, இருதய நோயிலோ, புற்றுநோயிலோ பேதம் காணவில்லை.

"நன்மை இல்லாவிட்டால் போகட்டும், செடியிலிருந்து வந்ததுதானே, கெடுதல் என்ன?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பின்லாந்து பதில் சொல்லியிருக்கிறது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் என்னும் வேறோர் ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைந்த காய்கறிகளை அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்ட வைத்தியர்கள், அந்த ஒரு பொருளையே மாத்திரையாகக் கொடுத்தால் புகைபிடிப்பவர்களைக் காப்பாற்றலாம் என்ற நல்லெண்ணத்தோடு, புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைச் சேர்த்துக்கொண்டு பல வருஷம் சோதித்தார்கள். 1994-இல் கணக்குப் பார்த்தபோது, பீட்டா கரோட்டின் விழுங்கியவர்களிடத்தில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் வைட்டமின் ஏ-யுடன் அதைக் கொடுத்து நடத்திய இதே போன்ற சோதனையை, தீங்கைக் கண்டு, 1996-இல் குறித்த காலத்துக்கு முன்னரே நிறுத்த நேர்ந்தது. காயிலே இருந்தபோது நன்மையோடு சேர்ந்து காணப்பட்ட பொருள், காயை விட்டுப் பிரிந்து வந்ததும் காலனுக்குத் துணைபோயிற்று.

என் நண்பரை நினைக்கும்போதெல்லாம் என் மனத்தை உறுத்துவது கோபன்ஹேகனில் நடந்து 2013-இல் வெளியான சிறு ஆராய்ச்சி ஒன்று. ஏறக்குறைய அவர் வயதுடைய, அவரைப்போலவே ஆரோக்கியமுள்ள 27 ஆடவர்களை எட்டு வாரம் கடுமையாகத் தேகப்பயிற்சி செய்யவைத்து, பாதிப்பேருக்குத் தினமும் 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ராலும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். உழைக்கும்போது தசைகளில் பிறக்கும் அந்த ஃபிரீ ராடிகல்கள் பகைவர்கள் மட்டும் அல்ல. உழைப்பு வந்திருக்கிறது, உன்னைப் பலப்படுத்திக்கொள் என்று உடம்புக்கு ஓலை கொண்டுவரும் தூதர்களும் அவையே என்று இப்போது கருதப்படுகிறது. தூதனை வாசலிலேயே மறித்துவிட்டால் செய்தி எப்படிப் போய்ச் சேரும்? வெற்று மாத்திரை விழுங்கியவர்களுக்குப் பயிற்சியினால் இரத்த அழுத்தம் இறங்கிற்று, பிராணவாயுவைப் பயன்படுத்தும் சக்தியும் நன்றாக வளர்ந்தது. ரெஸ்வெரட்ரால் விழுங்கியவர்களுக்கோ அழுத்தம் இறங்கவில்லை, சக்தியின் வளர்ச்சியும் குன்றிப்போயிற்று.

என் நண்பர் நாலு மைல் நடந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒரு தம்ளர் தண்ணீரோடு தினமும் விழுங்குவது அதே சரக்கைத்தான்.