"ஸ்ட்ரைக்" என்றால் அடிப்பதா?

"ஸ்ட்ரைக்" என்ற சொல்லுக்கு நம்மில் யாரும் அகராதி பார்த்து அர்த்தம் தெரிந்துகொண்டதில்லை. மில் வாசலிலும் அறுப்பு வயலிலும் அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. ஆனால் இங்கிலீஷ் அகராதியைப் புரட்டினால் முதலில் வந்து நிற்பது "அடி, தாக்கு" என்ற அர்த்தம்தான். கடிகாரம் மணி அடிப்பதற்கும், தீக்குச்சியை உரசுவதற்கும், விமானம் குண்டு போடுவதற்கும் அதே சொல். மஸ்டர் ரோலிலிருந்து தொழிலாளியின் பெயரை அடித்துவிடுகிறார்களே, அதற்கும் இதே சொல்லைத்தான் உபயோகிக்கிறார்கள்!

இந்த அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு, தொழிலாளி வேலையை நிறுத்தினாலே யாரையோ அடிக்கக் கிளம்பிவிட்டான் என்பதுபோல் முதலாளிமாரின் பத்திரிகைகள் கூப்பாடு போடுகின்றன. சரித்திரம் சொல்வது வேறு.

கப்பல்காரர் பாஷையில் அந்தச் சொல்லுக்குப் பாயை இறக்குவது என்று அர்த்தம். 1768-ஆம் ஆண்டு, ரொட்டி விலை ஏறி ஏழைகளின் வயிறு காய்ந்த காலம். லண்டன் துறைமுகத்து மாலுமிகள் கூலி உயர்வு கேட்டார்கள். தேம்ஸ் நதியில் நின்ற கப்பல்களின் பாய்களை இறக்கினார்கள். பாய் இறங்கிய கப்பல் எப்படி நகரும்? சரக்கு இருந்தது, காற்று இருந்தது, கப்பல் சொந்தக்காரனும் இருந்தான். கப்பல் மட்டும் நகரவில்லை. அந்தச் செய்கையின் பெயரே பிறகு கருவியைக் கீழே வைக்கும் தொழிலாளர் அனைவருக்கும் வந்து சேர்ந்தது. "வேலைநிறுத்தம்" என்ற நமது தமிழ்ச் சொல் விஷயத்தை நேராகச் சொல்கிறது. இங்கிலீஷ் சொல்லைவிட நல்ல சொல் அதுவே என்பது நம் கட்சி.

அப்படித் தொழிலாளர் சேர்ந்து நிற்பதையே குற்றமாக்கி 1799-லும் 1800-லும் இங்கிலாந்துப் பார்லிமெண்ட் சட்டம் போட்டது. 1824-ல்தான் அவை ரத்தாயின.

பழங்கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒரு சொல்லுக்கு யார் அர்த்தம் எழுதுகிறார்கள் என்பதில் நம் சம்பளமும் வேலையும் அடங்கியிருக்கின்றன, தோழர்களே. தொழிலாளர் ஒன்றுசேர்ந்து வேலையை நிறுத்துவதை, அல்லது வேலை செய்ய மறுப்பதை, வேலைநிறுத்தம் என்றது 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம். முன்கூட்டி நோட்டீஸ் கொடுப்பது பொதுப் பயன்பாட்டுத் தொழில்களுக்கு மட்டுமே அதில் கட்டாயம். 2020-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்தக் கட்டாயத்தை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் நீட்டியது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியுமுன் நிறுத்தினால் சட்டவிரோதம். பழைய சட்டத்தில் 50 ரூபாய் வரை இருந்த அபராதம் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை ஆயிற்று. ஒரு மாதம் வரை ஜெயில் முன்பும் உண்டு, இதிலும் உண்டு.

அதோடு விடவில்லை, சொல்லின் அர்த்தத்தையே இழுத்து நீட்டிவிட்டார்கள். பாதித் தொழிலாளரோ அதற்கு மேற்பட்டவரோ பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமாம்! பேசிவைத்தார்களா இல்லையா என்று எதைக் கொண்டு அளப்பது? ஊர்த் திருவிழா நாளில் பாதி ஷிப்டு லீவு எழுதிக் கொடுக்கிறது. பேசிவைத்துச் செய்த காரியம் என்று நிர்வாகம் சாதிக்கிறது. இல்லை என்று காட்ட அந்தத் தொழிலாளி எத்தனை நாள் கூலியை இழந்து, எந்த ஆபீஸ் படியில் காத்துக் கிடப்பான்?