ரிம்முக்கு லட்சம், காத்துக்கு ஒரு நிமிசம் இல்லையா?

புத்தளம் பக்கம் எந்த டயர் கடையில காத்தடிக்க நிறுத்தினாலும் கேள்வி ஒன்னுதான்: "30 போடவா?" பதிலும் ஒன்னுதான்: "ஓ, போடுங்க நானா." சின்னக் காரா, வேனா, எத்தனை பேர் ஏறப்போறாங்க, ரிம் எத்தனை அங்குலம்? யாரும் கேக்குறதில்ல.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு புதுக் கார் கனவு பலருக்கும் தள்ளிப்போனது. இருக்கிற காருக்குப் பெரிய ரிம் போட்டு அழகு பாக்குறது நம்ம வயசுப் பொடியன்களுக்குப் பெருமை. போடுங்க, அது உங்க காசு. ஆனா கணக்கைப் பாருங்க. 175/65 14 டயரைக் கழட்டி 195/45 16 போட்டா, வெளிச் சுற்றளவு கிட்டத்தட்ட அதேதான். பக்கச்சுவர் மட்டும் 11 சென்டிமீற்றரிலிருந்து 9க்கும் கீழே இறங்குது. பெரிசானது இரும்பு, குறைஞ்சது காத்துக்கான இடம். காரைத் தாங்குறது இரும்பில்ல, காத்து. அது குறைஞ்சா டயர் நசிஞ்சு நசிஞ்சு சூடாகும், ஓரம் தேயும். குழியில விழுந்தா அடி நேரே ரிம்முக்குத்தான்.

"இவ்வளவு காலமா 30லதான் ஓட்டுறோம், ஒன்னும் ஆகலயே" என்பாங்க. அமெரிக்காவில் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் ஓட்டினவர்களிலும் மிகப் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகவில்லைதான். அந்த வண்டிக்கு ஃபோர்ட் சொன்ன அளவு 26 பி.எஸ்.ஐ, 30 வேண்டும் என்றது டயர் செய்த ஃபயர்ஸ்டோன். தயாரிப்புக் குறை, வெயில், பாரம், குறைந்த காற்று எல்லாம் சேர்ந்தபோது டயரின் மேற்பட்டை உரிந்து வண்டிகள் புரண்டன. 2000 ஆகஸ்ட்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அங்கே மட்டும் 270க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு கம்பனியும் சண்டை பிடித்தது வெறும் நாலு பி.எஸ்.ஐக்காக.

காத்துக்கு ஒரே அளவு கிடையாது என்பது நம்ம ஊருக்குத் தெரியாததா? கற்பிட்டி, கண்டக்குழி மணலில் ஜீப் ஓட்டுற நானாமார் காத்தை 18 அளவுக்கு இறக்குவாங்க. டயர் பரந்து மணலில் புதையாமப் போகும். தார் றோட்டுக்கு ஏறினதும் திரும்ப அடிப்பாங்க. அடிக்காம அதே காத்தோட பாலாவிச் சந்தி வரைக்கும் வேகமா வந்தா டயர் வெந்துபோகும். அவங்களுக்கு இருக்கிற அக்கறை நமக்கு ஏன் இல்ல?

டிரைவர் கதவைத் திறங்க. நிலையில ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: முன், பின் அளவு; பல கார்களில் ஆள் நிறைஞ்சா எவ்வளவு என்றும் இருக்கும். அது கம்பனி போட்ட டயர் அளவுக்குத்தான். ரிம்மை மாத்தினவங்க டயரில் உள்ள பாரச் சுட்டெண்ணைப் பாக்கணும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். 80 என்றால் 450. பழசை விடக் குறைஞ்சதை வாங்கவே வேணாம். எவ்வளவு காத்து என்றதை டயர் கம்பனியின் அட்டவணையைக் கேட்டு முடிவு பண்ணுங்க. டயர் ஓரத்தில இருக்கிற உச்ச அளவு போடவேண்டிய அளவில்ல. அளக்கிறது ஓடுறதுக்கு முன்னால, டயர் ஆறியிருக்கும்போது.

ரிம்மைத் தெரிவு செஞ்சது நீங்க. பின் சீட்டில் பிள்ளையை மடியில வச்சிருக்கிற உம்மா அதைத் தெரிவு செய்யல. எதிரே வாற த்ரீவீல்காரரும் செய்யல. இனி "30 போடவா?" என்று கேட்டா, ஸ்டிக்கரைப் பாத்திட்டுப் பதில் சொல்லுங்க.