டார்க் மேட்டர் நிஜமா, ஈர்ப்பு விதியே தப்பா? கோவையில் பிறந்த விஞ்ஞானியின் ஆய்வு காட்டுவது என்ன?

ஸ்ரீரங்கம் சித்திரைத் தேர் அன்று கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்கு வடம் பிடிப்பவர்கள் தெரியமாட்டார்கள். தலைகளுக்கு மேலே தேரின் உச்சி நகர்வது மட்டும் தெரியும். ஆனாலும், 'முன்னாடி நிறைய பேர் இழுக்கிறாங்க' என்று சொல்லிவிடுவார். டார்க் மேட்டர் எனப்படும் கரும்பொருளும் இப்படியொரு ஊகம்தான்.

1970-களில் அமெரிக்க வானியலாளர் வேரா ரூபின், கேலக்ஸிகளின் ஓரப்பகுதிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றுவதை அளந்து காட்டினார். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் அவை சிதறியிருக்க வேண்டும். அப்போ இழுத்துப் பிடிப்பது எது? பிரபஞ்சத்தில் சுமார் 27 சதவீதம் கரும்பொருள், நாம் அறிந்த பொருள் வெறும் 5 சதவீதம் என்பது இன்றைய கணக்கு.

ஆளே இழுக்கவில்லை, வீதிதான் சரிவாக இருக்கிறது என்றால்? 1983-ல் இஸ்ரேல் இயற்பியலாளர் மோர்டெஹாய் மில்க்ரோம் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். ஈர்ப்பு முடுக்கம் பூமியில் இருப்பதில் சுமார் 8,000 கோடியில் ஒரு பங்காகக் குறையும் இடத்தில் நியூட்டன் விதி மாறுகிறது என்றார். இதன் பெயர் 'மாண்ட்'.

கிறுக்குத்தனமாகத் தெரியலாம். ஆனால் வரலாறு இரண்டு பக்கமும் பேசுகிறது. யுரேனஸ் தடம் பிசகியபோது, தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது என்றார்கள். 1846-ல் நெப்டியூன் சிக்கியது. புதன் பிசகியபோதும் 'வல்கன்' என்ற கோளைத் தேடினார்கள், கிடைக்கவே இல்லை. 1915-ல் ஐன்ஸ்டீன் ஈர்ப்புக் கொள்கையையே மாற்றிய பிறகுதான் கணக்கு நேரானது.

மாண்டுக்குப் பெரிய அடி, 2006-ல் வெளியான 'புல்லட் கிளஸ்டர்' ஆய்வு. மோதிக்கொண்ட இரு கேலக்ஸிக் கூட்டங்களில் வாயு நடுவிலேயே தங்கிவிட, ஈர்ப்பு மட்டும் விலகிப் போயிருந்தது. வாயுதான் அங்கே தெரியும் பொருளில் பெரும்பங்கு!

அதற்காக கரும்பொருள் ஜெயித்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. கோவையில் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பிரியம்வதா நடராஜன், ஒளி வளைவதை வைத்துக் கரும்பொருளுக்கு வரைபடம் போடுபவர். அவர் இடம்பெற்ற குழு 2020-ல் கண்டது: கேலக்ஸிக் கூட்டங்களில் சிறு அளவிலான ஒளி வளைவுகள், கரும்பொருள் மாதிரிகள் கணித்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேல். இத்தனை தேடியும் கரும்பொருள் துகள் ஒன்றுகூட ஆய்வகத்தில் உறுதியாகச் சிக்கவில்லை.

இப்போதைய சண்டை, வெகுதூரம் தள்ளி ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்கள் பற்றியது. 2023-ல் தென்கொரியாவின் கியூ-ஹியூன் சே மாண்டுக்கு ஆதாரம் என்றார். இந்திரனில் பானிக் குழு இல்லவே இல்லை என்றது. இருவரும் எடுத்தது ஒரே கையா விண்கலத் தரவு. அதன் அடுத்த தொகுப்பு 2026 டிசம்பரில் என அறிவிக்கப்பட்டுள்ளது.